அப்பா இன்னும் நுழையவில்லை

போன வைகாசியில் ஒரு கல்யாண வீட்டில், "பிள்ளைகளுக்கு வாசிக்கிற பழக்கம் வரணும்னா இவர்கிட்டக் கேளுங்க" என்று என்னை ஒருவருக்கு அறிமுகப்படுத்தினார்கள். நான் மறுக்கவில்லை. இரண்டாம் முறை பாயசம் ஊற்றிக்கொண்டிருந்த நேரம். மறுத்துப் பேசுகிற நிலையில் வாய் இல்லை. எதிர்ப்பந்தியில் இருந்த என் மனைவி மட்டும் இலையிலிருந்து தலையைத் தூக்கி ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பொழிப்புரைதான் கீழே வருவது.

நான் கம்பத்தில் ஒரு வாழைக்காய் மண்டியில் கணக்கு எழுதுகிறவன். தார் எத்தனை, கழிவு எத்தனை, வண்டி வாடகை எத்தனை. கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக நெல் நிலம் 14,707 ஏக்கர் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இருபத்திரண்டு வருஷமாக நான் விடாமல் வாசித்துவரும் ஒரே தொடர்கதை மண்டிப் பேரேடு. அதில் திருப்பம் உண்டு, சோகம் உண்டு, வராத பாக்கி என்ற மர்மமும் உண்டு. வீட்டில் மனைவி, எட்டாவது படிக்கிற மகள், ஐந்தாவது படிக்கிற மகன், என் அம்மா. பிள்ளைகளுக்கு அவள் அப்பத்தா. அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இதை இப்போதே சொல்லிவைக்கிறேன், பின்னால் உதவும்.

தேனியில் புத்தகத் திருவிழா போட்டிருந்தார்கள். நாற்பது கிலோமீட்டர் பஸ்ஸில் போனோம். நான் போனது பட்டிமன்றம் கேட்க; மகன் வந்தது டெல்லி அப்பளத்துக்கு. கிளம்பும்போது மனைவி, "புத்தகம் வாங்கிட்டு வாங்க, வெறும் பையோட வந்தா உள்ள விட மாட்டேன்" என்று சொல்லியனுப்பியிருந்தாள்.

என் அறிவு நிலவரம் இதுதான்: குழந்தைகளுக்கான எழுத்து என்றால் அழ. வள்ளியப்பா. பாடப்புத்தகத்தில் அவர் பாட்டு வரும், ஒப்பித்தால் டீச்சர் உட்காரச் சொல்வார். அவர் 1989-இல் காலமானார். அதற்குப் பிறகு தமிழில் பிள்ளைகளுக்கென்று யாரும் எழுதவில்லை என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கடைத் தம்பியிடம், "பரிசு வாங்குன புத்தகமா ஒண்ணு குடுப்பா" என்று கேட்டேன். ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்துக் குக்கர் வாங்குகிற புத்தி வேறெப்படிக் கேட்கும்?

அந்தத் தம்பி முகம் சுளிக்காமல் ஒரு வரிசையையே எடுத்து அடுக்கினார். சாகித்திய அகாதெமி 2010-லிருந்து சிறுவர் இலக்கியத்துக்கென்றே பால சாகித்திய புரஸ்கார் கொடுத்துவருகிறதாம். 2020-இல் வாங்கியது யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்'. 2023-இல் உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை'. இரண்டையும் எடுத்துக்கொண்டேன். அன்றைக்குப் புத்தகத்துக்கு ஆன செலவு மிளகாய் பஜ்ஜிக்கும் அப்பளத்துக்கும் ஆனதைவிடக் குறைவு. கணக்குப்பிள்ளை என்பதால் இதை மறைக்க மனம் வரவில்லை.

உதயசங்கர் கோவில்பட்டிக்காரர், ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர் என்று தம்பி சொன்னார். எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. எங்கள் பக்கம் ரயில் என்பதே கற்பனை இலக்கியத்தில் சேர்த்தி. அகலப் பாதை போடுகிறோம் என்று மதுரை–போடி ரயிலை 2010 கடைசியில் நிறுத்தினார்கள். தேனிக்கு அது திரும்பி வந்தது 2022 மே மாதம்; போடிக்கு 2023 ஜூன். கம்பத்துக்கு இன்னும் தண்டவாளமே கிடையாது. மனிதர் ரயிலுக்கும் ரயிலுக்கும் நடுவில் கிடைத்த நேரத்தில் இவ்வளவு எழுதியிருக்கிறார். எங்கள் பாதையில் மாஸ்டராக இருந்திருந்தால் அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் மகாபாரதமே முடித்திருப்பார்.

வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் காரியம், இரண்டு புத்தகத்துக்கும் காக்கி அட்டை போட்டது. மடிப்புக் கலையாமல், நான்கு மூலையும் உள்ளே மடக்கி, ஸ்டேப்ளர் அடித்து, லேபிள் ஒட்டினேன். பெயர், வகுப்பு, பிரிவு, பாடம். பாடம் என்ற இடத்தில் யோசித்து, 'கதை' என்று எழுதினேன்.

மகன் அதை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுக்குப் பரீட்சை எப்பப்பா?" என்றான்.

நல்ல கேள்வி என்று தோன்றியது. அதுவரை எனக்கு அந்த யோசனை வந்திருக்கவில்லை.

மறுநாள் ஒரு நீள நோட்டு வாங்கி, பிள்ளைகள் இருவர் பெயரிலும் கணக்குத் தொடங்கினேன். நாளொன்றுக்குப் பத்துப் பக்கம் பற்று. வாசித்தது வரவு. வாசிக்காதது பாக்கி, மறுநாளுக்கு முன்கொண்டு செல்லப்படும். நான்காம் நாள் மகன் பெயரில் முப்பத்தேழு பக்கம் பாக்கி நின்றது. பையன் சாப்பிடும்போது மெதுவாக, "வட்டி உண்டாப்பா?" என்று கேட்டான். மகள் பெயரில் பாக்கி நாற்பது. அவள் ஒன்றும் கேட்கவில்லை; திவால் ஆகிவிடுவது என்று முடிவு செய்துவிட்டவள் போல நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பரீட்சை வைத்தேன். ஒரு சிறிய சிக்கல்: நான் புத்தகத்தை வாசிக்கவில்லை. காக்கி அட்டையைப் பாதி கழற்றி, பின்னட்டையில் இருந்ததைப் பார்த்து ஐந்து கேள்வி தயாரித்தேன். 'ஆதன் என்பவன் யார்? சான்றுடன் விளக்குக' என்பது முதல் கேள்வி, ஐந்து மதிப்பெண். மகனும் அதே பின்னட்டையைப் பார்த்து எழுதினான். நூற்றுக்கு நூறு. விடையைத் திருத்தும்போதுதான் ஆதன் யாரென்று எனக்கே தெரிந்தது.

அந்த இரண்டு புத்தகங்களில் 'மரப்பாச்சி' மட்டும் என் கணக்குக்குள் வராமல் தப்பியது. அதை மனைவி எடுத்துக்கொண்டுபோய் அடுக்களையில் வைத்து ஒரே மத்தியானத்தில் வாசித்து முடித்தாள். பிறகு மகளைக் கூப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, அரைமணி நேரம் பேசினாள். யார் எங்கே தொட்டால் தப்பு, யாரிடம் வந்து சொல்ல வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி ஒரு மரப்பாச்சியை வைத்துச் சொல்கிற கதை அது. வெளியே வந்தவளிடம் என்ன விஷயம் என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, போய் உங்க பாக்கியப் பாருங்க" என்றாள். இதில் கேலி செய்ய எனக்கு ஒன்றும் இல்லை.

'ஆதனின் பொம்மை'தான் பாக்கியிலேயே நின்றது. நான் பிள்ளைகளை உட்காரவைத்து என் வாசிப்பு வரலாற்றைச் சொன்னேன். "உங்க வயசுல நான் ஒரு நாளைக்கு ரெண்டு புத்தகம் முடிப்பேன்." பொய் இல்லை. ஆனால் அவை காமிக்ஸ். சிவகாசியில் 1972-இல் 'இரும்புக்கை மாயாவி'யோடு தொடங்கிய முத்து காமிக்ஸ், 1984-இல் அதற்குத் துணையாக வந்த லயன். மின்சாரத்தில் கை வைத்தால் உடம்பு மறைந்து இரும்புக் கை மட்டும் தெரிகிற அந்த மாயாவியை நான் புவியியல் புத்தகத்துக்குள் ஒளித்துவைத்துத்தான் வாசித்தேன். என் அய்யா ஒருநாள் கண்டுபிடித்தார். பூவரசங்குச்சி முறிந்தது. மறுநாள் நான் வரலாற்றுப் புத்தகத்துக்கு மாறினேன்.

இதைச் சொல்லிக்கொண்டு வரும்போதே என் மண்டைக்குள் விளக்கு எரிந்தது. எனக்கு யாரும் வாசி என்று சொல்லவில்லை. வாசிக்காதே என்றுதான் அடித்தார்கள். ஆகா! அன்று இரவே கணக்கு நோட்டை மூடி, "இனிமே இந்த வீட்டுல கதைப் புத்தகத்த யாரும் தொடக் கூடாது" என்று உத்தரவு போட்டு, புத்தகத்தைக் கொண்டுபோய் மச்சில் பூசணிக்காய்களுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். இரண்டே நாளில் ஏணி போட்டு ஏறுவார்கள், கையும் களவுமாகப் பிடித்து, மனதுக்குள் சிரித்துக்கொள்ளலாம் என்பது திட்டம்.

"சரிப்பா" என்றார்கள் இருவரும். பிறந்ததிலிருந்து என் பிள்ளைகள் மறுபேச்சில்லாமல் கேட்ட ஒரே உத்தரவு அதுதான். இரண்டு மாதம் அந்த ஏணியை யாரும் தொடவில்லை. தகப்பன் சொல் தட்டாத பிள்ளைகள் என்று நான் யாரிடம் போய் அழுவது?

ஆடி மாதம் வந்தது. எங்கள் பள்ளத்தாக்கில் ஆடிக் காற்று என்றால் வாழைக்கு எமன். தோட்டம் தோட்டமாகச் சாய்ந்து, மண்டிக்கு வரத்து நின்று, நான் வீட்டில் இருந்த ஒரு சனிக்கிழமை. அப்பத்தா மகளைக் கூப்பிட்டு, "ஏத்தா, மச்சுல பானையில பழம்புளி இருக்கு, ஒரு உருண்டை எடுத்தா" என்று ஏற்றிவிட்டாள். புளிக்குப் போனவள் வரவில்லை. கால்மணி, அரைமணி. அடுப்பில் சட்டி காய்ந்துகொண்டிருந்தது. மனைவி கீழேயிருந்து கத்தினாள். கடைசியில் நான் ஏறினேன்.

கண்ணாடி ஓட்டின் வெளிச்சம் விழுகிற இடத்தில், புளிப்பானைமேல் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். மடியில் புத்தகம். காக்கி அட்டையைக் காணோம். எலி தின்றுவிட்டிருந்தது. லேபிளில் 'பாடம்: கதை' என்பது மட்டும் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தது. காக்கிக்கு அடியில் இத்தனை நாளும் நான் மூடிவைத்திருந்த வண்ணப்படம் பளிச்சென்று வெளியே தெரிந்தது. "இதுல படமெல்லாம் இருக்குன்னு ஏம்ப்பா சொல்லல?" என்றாள், நிமிராமலே.

ஆகவே கல்யாண வீட்டுப் பாராட்டு நியாயப்படி போய்ச் சேர வேண்டியது அந்த எலிக்கு. அன்றைக்கு வீட்டில் தக்காளிக் குழம்பு.

கதையை இங்கே சொல்ல மாட்டேன். சொன்னால் மகள் பேச மாட்டாள். நம் காலத்துப் பையன் ஒருவனையும் பழங்காலத்துக் கீழடியையும் முடிச்சுப் போட்ட இளையோர் நாவல் என்பது வரை சொல்ல அனுமதி வாங்கியிருக்கிறேன். ஆதன் என்ற பெயர்கூட ஆசிரியர் சும்மா வைத்ததில்லை; கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் தமிழி எழுத்தில் கீறியிருந்த பெயர். பானைக்குச் சொந்தக்காரனாக இருக்கும். லேபிள் ஒட்டுகிற வழக்கம் அப்போதே இருந்திருக்கிறது என்று நான் சொன்னபோது வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

மகள் முடித்ததும் மகன் வாசித்தான். அவனுக்குச் சத்தம் போட்டுத்தான் வாசிக்க வரும். திண்ணையில் வெற்றிலை உரலோடு உட்கார்ந்திருந்த அப்பத்தா காதில் அது விழுந்தது. "என்னய்யா அது?" என்றாள். அதிலிருந்து தினமும் ராத்திரி திண்ணையில் கச்சேரி. ஒருவர் வாசிக்க, ஒருவர் எழுத்துத் தமிழைப் பேச்சுக்கு மாற்றிச் சொல்ல, அப்பத்தா 'ம்' கொட்டுவாள். 'ம்' நின்றால் வாசிப்பும் நிற்க வேண்டும். ஒன்று தூங்கியிருப்பாள், அல்லது ஒத்துக்கொள்ளவில்லை.

"பொம்மையா? வீரபாண்டித் திருவிழாவுல வாங்குனதா?"

"இல்ல அப்பத்தா, ரெண்டாயிரத்து அறுநூறு வருசத்துக்கு முந்தி!"

"அதனால என்ன, அப்ப சித்திரை மாசம் வராமயா போச்சு?"

சித்திரையும் கௌமாரியம்மனும் இல்லாத ஒரு காலத்தை அவளுக்கு விளக்க யாராலும் முடியவில்லை. மகள் வகுப்பில் கேட்டு வந்ததைச் சொன்னாள்: மண்ணுக்குள் பானை பானையாக வந்தது, அதை வைத்துத்தான் காலத்தைக் கண்டுபிடித்தார்கள். அப்பத்தா உரலை நிறுத்தினாள்.

"இதென்ன அதிசயம்? எங்கய்யா திராட்சைப் பந்தலுக்குக் கல்லுக்கால் ஊன்டக் குழி தோண்டயில, ஆள் உசரத்துக்கு ஒரு பானை வந்துச்சு."

பிள்ளைகள் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டார்கள். "உள்ள என்ன இருந்துச்சு?"

"யாரு பாத்தா? சாமி குத்தம்னு மண்ணத் தள்ளி மூடிட்டாக. அதுமேலயே காலை ஊன்டிட்டாக. கொடி நல்லாத்தான் வந்துச்சு. என் கல்யாணத்துக்கு அந்தப் பந்தல் பழந்தான்."

மகன் கொஞ்ச நேரம் அப்பத்தாவையே பார்த்தான். முதுமக்கள் தாழிமேல் காய்த்த பன்னீர்த் திராட்சையைத் தின்றவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள் என்பது அவனுக்கு எந்த நாவலிலும் கிடைக்காத விஷயம். அதன்பிறகு அரைப்பக்கம் புத்தகம், ஐந்து பக்கம் அப்பத்தா என்று ஆனது. சித்ரா பௌர்ணமிக்குப் பளியங்குடி வழியாக மலையேறி மங்கலதேவி கண்ணகி கோவிலுக்குப் போன கதை வந்தது. கண்ணகி மதுரையை எரித்துவிட்டு வைகைக்கரை வழியாகத்தானே வந்திருப்பாள், வழியில் ஆதன் வீட்டில் தண்ணீர் குடித்திருப்பாளா என்று மகன் கேட்டான். நான் காலவரிசையை விளக்க வாயைத் திறந்தேன். "சும்மா இரிங்கப்பா, குடிச்சிருப்பா" என்று மகள் முடித்துவிட்டாள்.

இதற்கு நடுவில் பள்ளிக்கூடத்தில் வாசிப்பு இயக்கம் என்று வந்தது. அரசு பள்ளிகளில் ஐந்தாம் வகுப்புக்காரனுக்கு 'ஊஞ்சல்', எட்டாம் வகுப்புக்காரிக்கு 'தேன்சிட்டு' என்று இதழ்கள் வருவது எனக்கு ஓரளவு தெரியும். எடைக்குப் போடப் பார்த்து மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். இது வேறே. சின்னச் சின்னப் புத்தகங்கள், வாசிக்கிற திறனைப் பார்த்து நான்கு படி: நுழை, நட, ஓடு, பற. மகன் ஒருநாள் ஓடிவந்து, "அப்பத்தா, நான் இப்ப நட! அக்கா ஓடு!" என்றான். "எங்கடா ஓடுறது, மழையா வருது?" என்று அப்பத்தா காயப்போட்டிருந்த மிளகாயை அள்ளக் கிளம்பினாள்.

விளக்கிச் சொன்ன பிறகு அவள் கேட்டாள்: "அப்ப உங்கப்பன் எதுல இருக்கான்?"

மகன் என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தான். "அப்பா இன்னும் நுழையவே இல்ல அப்பத்தா."

அதே வாரம் மகள் இன்னொரு குண்டு போட்டாள். ஆண்டிபட்டிப் பக்கம் வைகைக்கரையில் புலிமான்கோம்பை என்று ஊர் இருக்கிறதே, அங்கே 2006-இல் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்களைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். இந்தியாவில் கிடைத்த மிகப் பழைய எழுத்துள்ள நடுகற்களில் அவையும் சேர்த்தி. இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் இருக்கும். அதில் ஒன்று, கூடலூரில் நடந்த மாடு பிடிச் சண்டையில் செத்துப்போன ஒரு வீரனுக்கு நட்ட கல். "நம்ம கூடலூரா?" என்றேன். நமக்குப் பத்துக் கிலோமீட்டரில் இருக்கிற ஊர் ஆயிற்றே. "அப்படித்தான்னு சொல்றவங்க இருக்காங்கப்பா." நான் பிறந்து வளர்ந்த இந்த ஜில்லாவில் புலிமான்கோம்பை என்றால் எனக்குத் தெரிந்தது பஸ் பலகையில் ஓர் ஊர்ப்பெயர். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய மாட்டுத் திருட்டு வழக்கு என் மகளுக்குத் தெரிந்திருக்கிறது. பேரேடு எழுதுகிறவன் நான், எழுதிவைத்தது அவர்கள்.

இழந்த மரியாதையை மீட்க ஒரே வழி, பிள்ளைகளைக் கீழடிக்கு அழைத்துப்போவது. 2023 மார்ச்சில் அருங்காட்சியகம் திறந்துவிட்டார்கள். குடும்பத்தோடு ஆரப்பாளையம் போய், அங்கிருந்து பஸ் மாறி. போகிற வழியெல்லாம் நான் சொற்பொழிவு. "பாத்துக்கங்க, கீழடி இருக்கிறது வைகைக்கரை. வைகைக்குத் தண்ணி எங்கிருந்து போகுது? நம்ம முல்லைப் பெரியாறு. ஆதன் குடிச்சது நம்ம ஊர்த் தண்ணி!"

"அப்பா," என்றாள் மகள், பஸ்ஸே கேட்கிற மாதிரி. "பென்னிகுயிக் அணை கட்டி முடிச்சது 1895. அதுவரைக்கும் பெரியாறு மேற்கதான் ஓடுச்சு. ஆதன் குடிச்சது வருசநாட்டு மலைத் தண்ணி." முன் சீட்டில் இருந்த பெரியவர் திரும்பிப் பார்த்து அவளை மெச்சினார். என்னைப் பார்த்து அனுதாபப்பட்டார்.

செட்டிநாட்டு வீடு போலக் கட்டிய அந்த அருங்காட்சியகத்தில் அப்பத்தாதான் கதாநாயகி. கண்ணாடிக்குள் இருந்த நூல் நூற்கிற தக்களியைப் பார்த்து, "இதுமாதிரி எங்காத்தா வச்சிருந்தா" என்றாள். பானைகளைப் பார்த்து, "இதுக்கு எதுக்குக் கண்ணாடிப் பெட்டி, பருப்புப் போட்டு வைக்கலாம்ல" என்றாள். பகடைக்காய் முன்னால் மட்டும் சத்தமில்லாமல் வெகுநேரம் நின்றாள். "சூதாடியிருக்கானுக" என்று ஒரு சொல். தாத்தாவின் சீட்டாட்டத்தை நினைத்துக்கொண்டிருப்பாள்.

மகன் பெட்டி பெட்டியாகத் தேடி, சுடுமண் உருவங்களில் ஒன்றைக் காட்டி, "இதுதான் ஆதனோட பொம்மை" என்றான்.

"பக்கத்துல எழுதியிருக்கிறதப் படி. அப்படி ஒண்ணும் போடலயே" என்றேன்.

"அந்த லேபிள யார் ஒட்டுனது? உங்கள மாதிரி யாராவது ஒட்டியிருப்பாங்க."

திரும்பி வந்ததும் ரகசியமாக அந்தப் புத்தகத்தை மண்டிக்கு எடுத்துப்போனேன். பிள்ளைகளிடம் தோற்கலாம், விவரம் தெரியாமல் தோற்கக் கூடாது. பேரேட்டுக்குள் வைத்து வாசித்தேன். பழைய புவியியல் பழக்கம் கை மறக்கவில்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் முதலாளி கணக்குப் பார்க்க வந்தார். பக்கத்தைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"யாருய்யா இது, ஆதன்? நாப்பது தார்னு போட்டிருக்க. புதுப் பார்ட்டியா? எந்த ஊரு?"

வேறு வழியில்லாமல், "கீழடிங்க" என்றேன்.

"பாக்கி வசூல் ஆயிருமா?"

"கொஞ்சம் பழைய பார்ட்டிங்க" என்றேன்.

வீட்டில் செய்தி எப்படியோ தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மகள் என் முன்னால் ஒரு தாளை வைத்தாள். பத்துக் கேள்வி, ஒரு மணி நேரம், பின்னட்டையைப் பார்க்கக் கூடாது. மகன் மேற்பார்வை, என் முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டே இருந்தான். நான் எடுத்தது பத்துக்கு நான்கு. 'கவனம் தேவை' என்று சிவப்பு மையில் எழுதி, பெற்றோர் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார்கள். அம்மாவிடம் போனேன். அவள் மார்க்கைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, "சின்னதுல இருந்தே இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு, மண்டி ஸ்டாம்ப் பேடில் கட்டைவிரலைத் தேய்த்து அழுத்தமாக வைத்தாள். அந்தத் தாள் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் மேல் இன்னும் ஒட்டியிருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். புத்தகத்தைக் காணோம்.

பக்கத்து வீட்டுத் தம்பி ஜீப் ஓட்டுகிறவர். விடியுமுன்னே கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிப்போகிற ஜீப். அவர் மகளுக்கு என் மகள் கொடுத்தாள். அவள் ஜீப்பிலேயே வைத்துவிட்டாள். தோட்டத்துக்குப் போகிற ஒரு அக்கா, தூக்குவாளியோடு அதையும் எடுத்துப்போய்த் தன் பிள்ளையிடம் கொடுத்ததாகத் தகவல். அதற்கு அப்பால் தடயம் இல்லை. காமயக்கவுண்டன்பட்டியில் ஒரு வீட்டில் பார்த்ததாக ஒருவர் சொல்கிறார். மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவுக்கே போய்விட்டது என்று இன்னொருவர். உதயசங்கர் மலையாளத்திலிருந்து எத்தனையோ சிறுவர் கதைகளைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர். பதிலுக்கு என் வீட்டுப் பிரதி அந்தப் பக்கம் போயிருக்கிறது போலும். தண்ணீர் அங்கிருந்து வருகிறது, புத்தகம் இங்கிருந்து போகிறது.

இன்னொன்று வாங்கலாமே என்பீர்கள். ஊரில் ஒரு கடையில் கேட்டேன். "எந்த வகுப்புக்கு?" என்றார். கதைப் புத்தகம் என்றேன். நோட்ஸ் வேண்டுமானால் இருக்கிறது என்றார். ஆன்லைனில் வரவழைக்கலாம்தான், 2025-இல் இதே பரிசு வாங்கிய விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா'வை அப்படித்தான் மகள் என் போனிலிருந்து எனக்குத் தெரியாமல் வரவழைத்தாள். ஆனால் அப்பத்தா புதுப் பிரதிக்கு ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறாள். எது வரை கேட்டிருக்கிறோம் என்பதற்கு அவள் சின்னமனூர் வெற்றிலை ஒன்றைப் பக்கத்துக்குள் வைத்திருந்தாள். இன்னும் கடைசி இரண்டு அத்தியாயம் பாக்கி. பிள்ளைகளுக்கு முடிவு தெரியும், ஆனால் வாசித்துத்தான் கேட்பேன் என்கிறாள்.

ஆகவே உத்தமபாளையம், கூடலூர், காமயக்கவுண்டன்பட்டி, கம்பம்மெட்டு, வண்டன்மேடு பகுதி வாசகர்கள் தயவுசெய்து வீட்டில் பார்க்கவும். அட்டை ஒரு மூலையில் எலி கடித்திருக்கும். உள்ளே 'பாடம்: கதை' என்று ஒரு கிழிந்த லேபிள் கிடக்கும். உங்கள் பிள்ளை வாசித்துக்கொண்டிருந்தால் முடிக்கட்டும், பிடுங்க வேண்டாம். முடித்ததும் கம்பம் ஜீப் ஸ்டாண்டில் எந்த வண்டியில் கொடுத்தாலும் வந்து சேர்ந்துவிடும். வெற்றிலை காய்ந்திருந்தாலும் பரவாயில்லை, அந்தப் பக்கத்தைவிட்டு எடுத்துவிடாதீர்கள்.